கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன்

என் வேலை மற்றவர்கள் குடும்பத்தைக் காகிதத்தில் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்துபோனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. நோய் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சொந்தத்துக்குள் கட்டியவர்கள் என்றால் இருவருக்கும் நடுவே இரட்டைக் கோடு. கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் நர்ஸாக இருந்தேன். பார்க்கின்சன் நோய் குடும்பங்களில் எப்படி இறங்கி வருகிறது என்று ஆராய்கிற குழு ஒன்று அங்கே தொடங்கியபோது, "இந்தம்மா நல்லா வாயாடுவாங்க, ஜனங்ககிட்டக் கதை வாங்க இவங்கதான் சரி" என்று என்னை அதில் போட்டுவிட்டார்கள்.

ஜனங்கள் பொய் சொல்வார்கள். "கட்டுனது சொந்தத்துலீங்களா?" என்றால், "அட இல்லீங்க, தூரத்து ஒறம்பரை" என்பார்கள். அரை மணி நேரம் ஊர்க்கதை பேசவிட்டால் அந்தத் தூரத்து ஒறம்பரை சொந்த அத்தை மகனாக வந்து நிற்பார். "உங்க அப்பாவுக்குக் கை நடுங்குச்சுங்களா?" என்றால், "அது வயசான நடுக்கமுங்க" என்பார்கள். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ இருந்துவிட்டால் போதும், எல்லோரும் கல் மாதிரி ஆரோக்கியமாகிவிடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஏனுங்க, உங்க ஊட்டுப் பெருமைய எழுதவா நான் உக்காந்திருக்கறேன்? மறைச்சா நோவு போயிருமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். குழுவை நடத்துகிற டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார். கண்டித்தால் அடங்குகிற வாயா இது?

இப்படியெல்லாம் வாய் கிழியப் பேசியவள் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. எங்களுடையது வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அதுவும் பாதிக்குமேல் தமிழ் கலந்த கோயமுத்தூர்த் தெலுங்கு, கோபம் வந்தால் முழுக்கத் தமிழ். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்களில் ரொம்பச் சாதாரணம். கொடுக்காவிட்டால்தான் மனஸ்தாபம். அக்காவை எங்கள் அம்மாவின் கடைசித் தம்பிக்கே கட்டிவைத்தார்கள். எனக்கு மாமா மாமாவாகவே இருந்தார், கூப்பிடுகிற முறைகூட மாறவில்லை. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலைப்பக்கம் அவர்களுக்குத் தென்னந்தோப்பு, கொஞ்சம் தக்காளிக் காடு. ஒரே பையன். மாமா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபிறகு அக்காவும் அவனும்தான். தேங்காய் வெட்டுகிற நாளில் ஆட்களோடு ஆளாக அவனும் மூட்டை தூக்குவான். என்னைச் சின்னம்மா என்பான். என் மகள் அவனுக்குப் 'பாப்பா'. அவள் காலேஜ் முடித்து வேலைக்குப் போனபிறகும் பாப்பாதான்.

மூன்று வருடத்துக்கு முந்தின பொங்கல் நோம்பிக்கு அக்கா வீட்டில் இருந்தோம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, வெயில் ஏறத் தொடங்கிய நேரம், ஒற்றை யானை ஒன்று மலையிலிருந்து இறங்கித் தக்காளிக் காட்டுக்குள் வந்துவிட்டது. அங்கே அது அதிசயம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் போட, ஆட்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கிளம்ப, அக்கா மகனும் வாசலிலிருந்து ஓடினான். நான் காபி டம்ளரோடு பின்னால் நின்றிருந்தேன். ஒரு இருபது எட்டு வைத்திருப்பான். இடது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டது. விரல்கள் கீழே மடங்கின. செருப்பு கழன்று போயிற்று. நாலு எட்டு நொண்டினான், வாய்க்கால் கரையில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தான். யானை அவனை ஏறிட்டும் பார்க்காமல் அடுத்த தோட்டத்துக்கு நடந்தது. "ஆனையப் பாத்ததீமு காலு பின்னிக்கிச்சாட்ட இருக்குது!" என்று ஆட்கள் சிரித்தார்கள். அவனும் முதுகைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதம் மடங்கியது விழுந்தபிறகு இல்லை, விழுவதற்கு முன்னால். நான் கண்ணால் பார்த்தேன். அன்று முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கும்போது வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பொத்தான் போட அத்தனை நேரம் எடுத்தான். "எத்தன நாளாக் கண்ணு கால் இப்படி?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஒரு ஆறு மாசமா இழுக்குதுங்க சின்னம்மா. தூங்கி எந்திரிச்சாச் சரியா இருக்குது, ஓடுனாலோ பொழுது சாஞ்சாலோதான் இழுக்குது. வேலை ஜாஸ்தி, வேறொண்ணுமில்லீங்க" என்றான். வயது முப்பது. அப்பாவும் அம்மாவும் ஒரே ரத்தம். தூங்கினால் சரியாகிவிடுகிறதாம். பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். வேறு யாருடைய பையனாக இருந்திருந்தாலும் அந்த நிமிடமே காரில் ஏற்றி டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்திருப்பேன்.

வைக்கவில்லை. என் மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசி முடிகிற கட்டத்தில் இருந்தது. பீளமேட்டில் இருக்கிற குடும்பம், நல்ல பையன், இருவருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே லேபில் வேலை பார்க்கிறவர். அக்கா மகனை நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் காதுக்குப் போய்விடும். பெண்ணின் பெரியம்மா மகனுக்கு முப்பது வயதில் பார்க்கின்சன், குடும்பத்தில் வருகிற வகை என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? சொந்தத்துக்கு வெளியில் கட்டுகிற பெண்ணுக்கு இதனால் பயப்பட ஒன்றும் இல்லை. அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று பழுதான ஜீன் இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வகை வரும். ஆயிரம் பேருக்கு நானே வாயால் சொல்லியிருக்கிறேன். ஆனால் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இந்த விளக்கத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

எனக்கு நானே ஒரு சமாதானம் தயார் செய்தேன். மருந்து இந்த நோயை நிறுத்தப் போவதில்லை. இருக்கிற சிரமத்தைத்தான் குறைக்கும். எட்டு மாதம் தள்ளிப்போனால் என்ன குடி முழுகிவிடும்? ஆவணியில் கல்யாணம், ஆவணி முடிந்த மறுவாரம் அவனைக் கூட்டிப்போகிறேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடியில் மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிவிட்டார். கல்யாணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.

இதற்குள் அக்கா அவனை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தாள். யானை வந்த அன்று விழுந்தான் அல்லவா? கால் இழுப்பதற்கு எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னாலேயே ஆறு மாதமாக இழுத்தது என்பதை அவனே மறந்துபோனான். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கியிருக்கிறது, நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்தால் கால் சரியாகும் என்று சொன்னார்கள். அந்த டாக்டர்மேல் தப்புச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் முன்னால் இருந்ததை அவர் பார்த்தார். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது.

அக்கா போன் செய்தாள். "நீ என்ன சொல்ற அம்மணி? நீ செய்யின்னா செய்யறேன். எனக்கு உன்ன உட்டா யாரு இருக்காங்க?" என்றாள்.

அந்த நிமிடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'நரம்பு டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டு அக்கா.' பெயர்கூட வேண்டாம், காரணம்கூட வேண்டாம். அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவசரப்படாத. வேற ஒரு எலும்பு டாக்டர்கிட்டயும் காட்டிப் பாக்கலாம்" என்றேன். நானே போன் செய்து நேரம் வாங்கினேன். நானே கூடப் போனேன். அவரும் அதே ஸ்கேனைப் பார்த்து அதையே சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிப்போட்டாங்க, இனி என்ன ரோசனை?" என்று அக்கா நிம்மதியாகிவிட்டாள். அவளுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகத்தையும் துடைத்துப்போட்டது நான்தான்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. முதுகில் கிழித்துத் தைத்து, மூன்று மாதம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்றார்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டார்கள். கால் அப்படியேதான் இழுத்தது. இப்போது இடது கையும் நடுங்க ஆரம்பித்தது. ஆட்கள், "தம்பிக்கு வேலைக்கு மனசில்லீங்க, படுத்துப் பழகீட்டாப்ல" என்று பேச, அது அவன் காதுக்கும் போயிற்று. பாப்பாவின் கல்யாணத்தன்று பந்தலில் பந்தி விசாரிக்க நின்றான். சாம்பார் வாளியை இடது கைக்கு மாற்றப் பார்த்து, முடியாமல், யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தான். நான் பார்த்தேன். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நின்று, பார்த்துவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லப் போனேன். என்ன பிறவி நான்!

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து பத்தாம் நாள் தொண்டாமுத்தூர் போனேன். அவனை நடக்கச் சொன்னேன், விரல்களைத் தட்டச் சொன்னேன், அப்போதுதான் கண்டுபிடித்தவள்போல, "அக்கா, இது முதுகு சமாச்சாரமே இல்ல, நாளைக்கே எங்க டாக்டரம்மாகிட்டக் கூட்டியாந்திரு" என்றேன். டாக்டரம்மா பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். சின்ன மாத்திரைதான் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அக்கா போனில் ஓவென்று அழுதாள். பையன் கோழியைத் துரத்திக்கொண்டு தோப்புக்குள் ஓடினானாம். "ஓடறான் அம்மணி, என்ற பையன் ஓடறான். நீ நல்லா இருப்ப, உன்ற புள்ள குட்டியெல்லாம் நல்லா இருக்கும்" என்றாள். அந்தப் போனை வைத்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரு வருடம் முன்னாலேயே அவன் இப்படி ஓடியிருப்பான்.

அதற்குப்பிறகு சொந்தபந்தத்தில் நான் தெய்வம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, "இவ இல்லாட்டி..." என்று ஆரம்பித்துவிடுவாள். ரத்தப் பரிசோதனையில் இரண்டு பக்கமிருந்தும் பழுதான ஜீன் வந்திருப்பது உறுதியானபோது அவளுக்கு வேறொரு பாரம் சேர்ந்துகொண்டது. "மாமனைக் கட்டுனதுனாலதான் என்ற பையனுக்கு இப்படி ஆயிருச்சு. நான் பெத்தே கெடுத்துப்போட்டேன்" என்று புலம்புவாள். இருபது வயதில் யாரைக் கட்டுகிறாய் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவள் குற்றம் என்று எடுத்துப் போட்டுக்கொண்டதில் ஒரு துளிகூட அவளுடையது இல்லை. எனக்கோ அவள் கும்பிடு போடுகிறாள்.

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரி அரங்கத்தில், ஆராய்ச்சிக் குழு தாங்கள் இதுவரை கண்டதை ரத்தம் கொடுத்த குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தது. வெளியூரிலிருந்து இரண்டு விஞ்ஞானிகளும் வந்திருந்தார்கள். பல்லடம், சோமனூர், பெருந்துறை என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள். முன்வரிசையில் அக்கா, அவள் மகன், நான். டாக்டரம்மா தமிழில் நன்றாகச் சொன்னார். இந்த நோய் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக வருவதில்லை என்றார். இளம் வயதில் வருகிறவர்களில் சிலருக்கு, இரண்டு பக்கமிருந்தும் வந்த ஒரே ஒரு ஜீனின் பழுது போதும். செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற சின்னச் சின்ன அறைகள் உண்டு. கெட்டுப்போன அறைகளை அப்புறப்படுத்துகிற வேலை சில ஜீன்களுடையது. "குப்பை வண்டி வராத வீதி என்னாகுமுங்க? அதுதான் மூளையில அந்த இடத்துல நடக்குது" என்றார். எல்லோருக்கும் புரிந்தது. வெள்ளைக்காரர்கள் ரத்தத்தை வைத்து எழுதிய பட்டியலே இத்தனை நாளும் கையில் இருந்தது, நம் குடும்பங்களையும் பார்த்தால்தான் நமக்கான பதில் கிடைக்கும், அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறோம் என்று வந்திருந்தவர்களில் ஒருவர் சொன்னார்.

பிறகு திரையில் ஒரு குடும்பப் படம் வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. இரட்டைக் கோடு, அதன் கீழே கறுப்படித்த ஒற்றைச் சதுரம், அதற்கு ஒரு அம்புக்குறி. நான் வரைந்த படம். முன்கூட்டியே அவனிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள்.

"இது நாமதான அம்மணி?" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தாள்.

"இளம் வயசுல வந்தா டாக்டருங்களுக்கே சந்தேகம் வராதுங்க. கால் நோவு, முதுகு நோவுன்னு அலைவாங்க" என்றார் டாக்டரம்மா. "இந்தத் தம்பிக்கு முதுகுல ஆபரேஷனே ஆயிருச்சு. அதுக்கப்புறம் எங்க குழுவுல இருக்கற ஒருத்தங்க அவரு நடக்கறதைப் பாத்த உடனே கண்டுபிடிச்சாங்க. பாத்த உடனே! அப்படிப்பட்ட கண்ணு நமக்கெல்லாம் வேணும்."

கைதட்டினார்கள். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினாள். தட்டிவிட்டு எழுந்து நின்று, "ஏனுங்க டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணுங்க. சொந்தத்துல கட்டுனது எங்க தப்புங்களா?" என்றாள்.

"தப்புன்னு ஒண்ணு இதுல யாருமேலயும் இல்லீங்கம்மா. உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குக் கட்டிவெச்சவங்களுக்கும் தெரியாது. தெரியாம நடந்ததுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெரியாமல் நடந்ததுக்கு. அந்த அரங்கத்தில் அத்தனை பேருக்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது, என் ஒருத்தியைத் தவிர.

கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அக்கா காபி வாங்கி வருகிறேன் என்று கேன்டீன் பக்கம் போனாள். அவனும் நானும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். காலையில் போட்ட மாத்திரை ஓய்ந்துகொண்டிருந்தது. அடுத்ததை இப்போதுதான் விழுங்கினான். அது பிடிக்கிறவரைக்கும் அவன் முகம் இறுகிப்போய்விடும், சிரிப்பும் தெரியாது கோபமும் தெரியாது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"கண்ணு, நான் உன்ன அன்னைக்குத் தொண்டாமுத்தூர் வந்து கண்டுபிடிக்கல. எனக்கு முன்னாலயே தெரியும்" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

"எப்பத் தெரியுமுங்க?"

"ஆனை வந்த அன்னைக்கே. நீ உழுகறதுக்கு முன்னால உன்ற கால் மடங்குனதப் பாத்தேன். பாப்பா கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன்."

அவன் முகத்தையே பார்த்தேன். திட்டுவானா, எழுந்து போய்விடுவானா, ஒன்றும் தெரியவில்லை. இடது கை மட்டும் தொடைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு அறை உட்டிரு கண்ணு, வாங்கிக்கறேன்" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆபரேஷன் அன்னைக்கு என்னைத் தள்ளீட்டுப் போறப்ப, தியேட்டர் கதவு வரைக்கும் என்ற கையைப் பிடிச்சுட்டே வந்தீங்க" என்றான் மெதுவாக. "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல கண்ணுன்னுட்டே வந்தீங்க. அப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியும்."

தூரத்தில் அக்கா மூன்று காகித டம்ளர்களைத் தட்டில் வைத்து, சிந்தாமல் இருக்கப் பார்த்துப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே அவன் பேசினான்.

"அம்மாகிட்டச் சொல்லீராதீங்க சின்னம்மா. அவங்களுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் இல்லீன்னு ஆயிட்டா அவங்க ஒடைஞ்சு போயிருவாங்க. எப்பவும் இருக்கறாப்லயே இருந்துக்கங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வேண்டிச் சொல்லலீங்க" என்றான்.

அக்கா வந்துவிட்டாள். தட்டை அவன் பக்கம் நீட்டி, "மொதல்ல சின்னம்மாவுக்குக் குடுறா. டாக்டரம்மா சொன்னதக் கேட்டீல்ல? இவ இல்லாட்டி உன்ற முதுக இன்னும் அறுத்துட்டேதான் இருந்திருப்பாங்க" என்றாள்.

அவன் ஒரு டம்ளரை எடுத்தான். கை நடுங்கியதில் விரல்மேல் கொஞ்சம் சிந்தியது. துடைக்காமல் என்னிடம் நீட்டினான்.

"குடிங்க சின்னம்மா" என்றான்.

அக்கா சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்கிக் குடித்தேன்.